%யு போட்டால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: சி மொழியில் அச்சிடும் வேலையைச் செய்யும் பிரிண்ட்எஃப் ஃபங்ஷனுக்குள் சதவீதக் குறிக்குப் பின்னால் எந்த எழுத்தைப் போடுவது? சரி, பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம். நிரலில் வரும் ரோமன் எழுத்துகளை வழக்கம்போல ஒலிப்பிலேயே எழுதுகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: டெசிமலின் முதல் எழுத்தை ‘டி’ என்றும், டைப்பின் முதல் எழுத்தை ‘டீ’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சைஸ்_டீ வரும்போது குழம்பிவிடும். புதியவர்களுக்கு: %யு குறியற்ற (எதிர்ம மதிப்பு இல்லாத) முழு எண்ணுக்கு, %டி குறியுள்ளதற்கு, %எக்ஸ் ஹெக்ஸ் எனும் பதினாறடிமான வடிவுக்கு, %எஸ் ஸ்ட்ரிங் எனும் எழுத்துத் தொடருக்கு. நடுவில் ‘எல்’ வந்தால் லாங், ‘எல்எல்’ வந்தால் லாங் லாங்.

கேள்வி: எங்கள் கருவியில் பாக்கெட்டுகளை எண்ணும் மாறியை 32 பிட்டிலிருந்து யுஇன்ட்64_டீ-ஆக, அதாவது 64-பிட் குறியற்ற எண்ணாக, மாற்றினோம். அச்சிடும் வரி பழையதுதான்: "பாக்கெட் %யு, போர்ட் %எஸ்". என்னுடைய 64-பிட் லினக்ஸ் கணினியில் எல்லாம் சரி. 32-பிட் இன்டெல் போர்டில் எண் சரியாக வருகிறது, ஆனால் போர்ட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘நல்’ என்று வருகிறது. பெயரை எது அழிக்கிறது?
— நெட்வொர்க் கருவிகளுக்கு நிரல் எழுதும் வாசகர்

எதுவும் அழிக்கவில்லை. பெயர் அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. பிரிண்ட்எஃப் வேறு இடத்தில் தேடுகிறது, அவ்வளவுதான்.

பிரிண்ட்எஃப்-க்கு நீங்கள் அனுப்பும் மாறிகளின் டைப் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஃபார்மேட் ஸ்ட்ரிங், அதாவது சதவீதக் குறிகள் உள்ள அந்த மேற்கோள் வரி, ஒன்றே. அளவுச் சீட்டை மட்டும் பார்த்துத் துணி வெட்டுகிறவர் மாதிரி: சீட்டில் அரை மீட்டர் என்றால் அரை மீட்டர் வெட்டிவிட்டு, மிச்சத்தை அடுத்த ஆளின் துணி என்று எடுத்துக்கொள்வார்.

32-பிட் இன்டெல் கணினியில் ஆர்கியூமென்ட்கள் (ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்புகள்) ஸ்டாக் எனும் நினைவகப் பகுதியில் நான்கு நான்கு பைட்டாக அடுக்கப்படும். உங்கள் 64-பிட் எண் இரண்டு அடுக்கை எடுத்துக்கொள்கிறது. கீழ்ப்பாதி முதலில், மேல்பாதி அடுத்து. %யு ஓர் அடுக்கை மட்டும் எடுக்கிறது. அது கீழ்ப்பாதி என்பதால் எண் சரியாகத் தெரிகிறது. அடுத்து வரும் %எஸ், மீதி இருக்கும் மேல்பாதியை ஒரு முகவரி என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கை சிறியதாக இருக்கும்வரை மேல்பாதி 0. அதாவது நல் பாயின்டர், எதையும் சுட்டாத முகவரி. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி அதைப் பார்த்துப் பெருந்தன்மையாக ‘நல்’ என்று அச்சிடுகிறது. வேறு லைப்ரரியாக இருந்தால் அங்கேயே விழுந்திருக்கும்.

இன்னும் மோசமானது பின்னால் இருக்கிறது. எண்ணிக்கை 4,294,967,295-ஐத் தாண்டியதும் மேல்பாதி 1 ஆகிவிடும். இப்போது %எஸ் முகவரி 1-க்குப் போய்ப் பெயரைத் தேடும். நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும். சோதனை மேசையில் ஒருபோதும் நடக்காமல், களத்தில் நெடுநாள் ஓடிய கருவியில் மட்டும் நடக்கும் வகை இது.

உங்கள் 64-பிட் கணினியில் ஏன் சரியாக வந்தது? அங்கே முதல் சில ஆர்கியூமென்ட்கள் தனித்தனி ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) போகின்றன. எண்ணுக்கு ஒரு முழு ரெஜிஸ்டர், பெயருக்கு இன்னொன்று. %யு தன் ரெஜிஸ்டரில் பாதியைப் பார்த்தாலும் அடுத்தவர் ரெஜிஸ்டருக்குள் கால் வைப்பதில்லை. தவறு அங்கேயும் தவறுதான், வெளியே தெரியவில்லை. இதே வரியை 32-பிட் ஆர்ம் போர்டில் ஓட்டினால் வேறு கூத்து. அங்கே 64-பிட் எண் இரட்டைப்படை எண்ணுள்ள ரெஜிஸ்டரில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஃபார்மேட் ஸ்ட்ரிங் ஆர்0-இல், ஆர்1 காலி, எண் ஆர்2-இலும் ஆர்3-இலும். %யு அந்தக் காலியான ஆர்1-இல் முன்பு எது கிடந்ததோ அதை அச்சிடும். %எஸ் உங்கள் பாக்கெட் எண்ணிக்கையின் கீழ்ப்பாதியை முகவரியாக எடுத்துக்கொள்ளும். ஒரே வரி, மூன்று இயந்திரம், மூன்று விதமான நோய்.

மருந்து: "பாக்கெட் %" பிஆர்ஐயு64 ", போர்ட் %எஸ்" என்று எழுதுங்கள். மேற்கோள் குறிகள் எங்கே மூடித் திறக்கின்றன என்பதைக் கவனியுங்கள். விளக்கம் கீழே வருகிறது.

கேள்வி: ஆர்ம் போர்டுக்கான ஜிசிசி கம்பைலரில் யுஇன்ட்32_டீ மாறியை %யு கொண்டு அச்சிட்டால் வார்னிங் தருகிறது. இன்ட்டும் 32 பிட், லாங்கும் 32 பிட். அப்புறம் என்ன பிரச்சினை? வார்னிங்கை அணைத்துவிடலாமா?
— ஃபர்ம்வேர் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்

அணைக்காதீர்கள். நான் ஆலோசனைக்குப் போன ஓர் இடத்தில் கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலின் முதல் வரியிலேயே ஃபார்மேட் வார்னிங்கை அணைத்து வைத்திருந்தார்கள். உங்களுடையதைப் போல ஒரு சாதுவான வார்னிங்குக்காக என்றைக்கோ செய்தது. திரும்பப் போட்டதும் திரை நிரம்பி வழிந்தது. அதற்குள் உண்மையான விஷமும் இருந்தது: 64-பிட் நேர முத்திரையை %டி கொண்டு அச்சிடும் வரி. ஆறு மாதமாக ‘சென்சார் பழுது’ என்று அவர்கள் திட்டிக்கொண்டிருந்தது அந்த வரியைத்தான்.

இப்போது உங்கள் கேள்வி. யுஇன்ட்32_டீ என்பது தனி டைப் அல்ல. இன்னொரு டைப்புக்கு வைத்த பெயர். எந்த டைப்புக்கு என்பதை அந்தந்த டூல்செயின் (கம்பைலரும் லைப்ரரியும் சேர்ந்த தொகுப்பு) முடிவு செய்கிறது. லினக்ஸில் அது அன்சைன்ட் இன்ட். நியூலிப் லைப்ரரியுடன் வரும் ஆர்ம் ஜிசிசி-யில் அது அன்சைன்ட் லாங். இரண்டும் 32 பிட்தான், ஆனாலும் சி மொழிக்கு அவை வேறு வேறு டைப். அதனால்தான் கம்பைலர் முகம் சுளிக்கிறது. உங்கள் போர்டில் இன்றைக்கு %யு போட்டாலும் எண் சரியாகவே வரும் என்பது உண்மை. ஆனால் சி தரநிலை, டைப் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லவே மாட்டேன் என்கிறது.

சரி, வார்னிங் போக %எல்யு போட்டால்? போகும். அதே கோப்பை நாளைக்கு லினக்ஸில் யூனிட் டெஸ்ட்டுக்காக கம்பைல் செய்யும்போது வார்னிங் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அங்கே லாங் 64 பிட்.

இந்த மாற்றம் ஒரே சிப்புக்கு நடந்த கதையும் உண்டு. இஎஸ்பி32-க்கான இஎஸ்பி-ஐடிஎஃப் 5.0 பதிப்பில், அதன் எக்ஸ்டென்சா கம்பைலரில் யுஇன்ட்32_டீ அன்சைன்ட் இன்ட்டிலிருந்து அன்சைன்ட் லாங்குக்கு மாறியது. சிப் அதேதான், அளவும் அதேதான். %யு என்று எழுதியவர்கள் பழைய நிரலைத் திறந்து ஒவ்வொரு லாக் வரியாகத் திருத்தினார்கள். பிஆர்ஐயு32 என்று எழுதியவர்கள் எதையும் தொடவில்லை.

ஏவிஆர் மாதிரி சின்ன சிப்புக்குப் போனால் வார்னிங்கின் அருமை இன்னும் புரியும். அங்கே இன்ட் 16 பிட்தான். யுஇன்ட்32_டீ-க்கு %யு போட்டால் பாதி எண்தான் அச்சாகும். பின்னால் வரும் எல்லா ஆர்கியூமென்ட்டும் இடம் மாறிப் போகும்.

கேள்வி: பிஆர்ஐயு64 என்பது என்ன? ஸ்ட்ரிங்குக்கு நடுவில் மேற்கோளை உடைத்து எழுதுவது அசிங்கமாக இருக்கிறதே?
— கல்லூரி மாணவி

அசிங்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தந்திரம் எளிமையானது. சி மொழியில் இரண்டு ஸ்ட்ரிங்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கம்பைலர் அவற்றை ஒட்டி ஒன்றாக்கிவிடும். பிஆர்ஐயு64 என்பது இன்ட்டைப்ஸ்.ஹெச் ஹெடரில் இருக்கும் ஒரு மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும் முன் வேறு எழுத்தாக விரியும் பெயர். 64-பிட் லினக்ஸில் அது "எல்யு" என்ற ஸ்ட்ரிங்காக விரியும். 32-பிட் லினக்ஸில் "எல்எல்யு". ஆக ‘"மொத்தம் %" பிஆர்ஐயு64 " பைட்"’ என்று எழுதினால், கம்பைலர் பார்ப்பது ஓர் இடத்தில் "மொத்தம் %எல்யு பைட்", இன்னோர் இடத்தில் "மொத்தம் %எல்எல்யு பைட்". டைப்பை வரையறுத்த அதே டூல்செயினே அதற்கான எழுத்தையும் தருகிறது. சி99 தரநிலை கொண்டுவந்த ஏற்பாடு இது.

சதவீதக் குறி மேக்ரோவுக்குள் இல்லை, நீங்கள்தான் போட வேண்டும். ஏன் அப்படி? நடுவில் அகலம் முதலியவற்றைச் செருக இடம் வேண்டுமே. ரெஜிஸ்டர் மதிப்பை எட்டு இலக்க ஹெக்ஸாக அச்சிட "%08" பிஆர்ஐஎக்ஸ்32 என்று எழுதலாம்.

சி++ எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி: மேற்கோளுக்கும் மேக்ரோவுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். சி++11-க்குப் பிறகு, ஒட்டி எழுதினால் அது ஸ்ட்ரிங்கின் பின்னொட்டு என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும்.

அசிங்கம் தாங்கவில்லை என்றால் மாற்று வழியும் இருக்கிறது: மாறியை அன்சைன்ட் லாங் லாங்காகக் காஸ்ட் செய்துவிட்டு (டைப்பை வெளிப்படையாக மாற்றிவிட்டு) %எல்எல்யு. அந்த டைப் குறைந்தது 64 பிட் இருக்கும் என்பதற்குத் தரநிலையே உத்தரவாதம். கணினியில் ஓடும் சாதாரண நிரலில் நானும் பல இடத்தில் இதைத்தான் செய்கிறேன். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் காஸ்ட் கம்பைலரின் வாயை அடைத்துவிடும். நாளைக்கு அந்த மாறியை யாராவது பாயின்டராக மாற்றினால், முகவரியை அழகாக எண்ணாக அச்சிட்டுக்கொண்டிருக்கும், புகார் வராது. மேக்ரோவாக இருந்தால் உடனே கத்தும்.

காஸ்ட் செய்வதானால் பெரிய டைப்புக்குச் செய்யுங்கள். சிறியதற்கு அல்ல. ‘(இன்ட்)’ என்று போட்டு வார்னிங்கை அடக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தகவலைப் பாதியாக வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது அது.

கேள்வி: %டி-க்கும் %ஐ-க்கும் என்ன வித்தியாசம்?
— நேர்காணலுக்குத் தயாராகும் வாசகர்

பிரிண்ட்எஃப்-இல் ஒன்றும் இல்லை. ஸ்கேன்எஃப்-இல் உண்டு: %ஐ முன்னால் இருக்கும் 0-வைப் பார்த்து எட்டடிமான எண் என்று முடிவு செய்யும், 010 என்று தட்டினால் 8 கிடைக்கும்.

கேள்வி: சைஸ்ஆஃப் தரும் மதிப்பை %எல்யு கொண்டு அச்சிடுகிறேன். லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸில் திட்டுகிறது.
— நூலகம் ஒன்றைப் பராமரிக்கும் வாசகர்

64-பிட் லினக்ஸில் லாங் 64 பிட், சைஸ்_டீ-யும் 64 பிட். 64-பிட் விண்டோஸில் சைஸ்_டீ 64 பிட்தான், ஆனால் லாங் 32 பிட்டாகவே நின்றுவிட்டது. லாங்கை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் அந்தக் கரையில்தான் உடைகின்றன.

சைஸ்_டீ-க்கு %இசட்யு. அதன் குறியுள்ள உறவினரான எஸ்சைஸ்_டீ-க்கு %இசட்டி. இரண்டு பாயின்டர்களைக் கழித்தால் வரும் பிடீஆர்டிஃப்_டீ-க்கு %டீடி. மேக்ரோ எதுவும் வேண்டாம், நேராக எழுதலாம். விஷுவல் ஸ்டுடியோ 2015-க்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் லைப்ரரிகளுக்கு மட்டும் %இசட்யு தெரியாது. அவற்றை இன்னும் சுமக்கிறீர்களென்றால் காஸ்ட்தான் கதி.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். "%.*எஸ்" என்று எழுதி, நீளத்தைத் தனி ஆர்கியூமென்ட்டாகக் கொடுப்பீர்கள் அல்லவா? அந்த நட்சத்திரம் எதிர்பார்ப்பது இன்ட், சைஸ்_டீ அல்ல. அங்கே மட்டும் இன்ட்டுக்குக் காஸ்ட் செய்தே ஆக வேண்டும், நீளம் இன்ட்டுக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு. நான் பிறர் நிரலைப் பரிசீலிக்கும்போது அதிகம் பிடிபடுவது இந்த நட்சத்திரம்தான்.

கேள்வி: டைம்_டீ (நேரம்), ஆஃப்_டீ (கோப்புக்குள் இடம்), பிஐடி_டீ (ப்ராசஸ் எண்) இவற்றுக்கெல்லாம் எந்த எழுத்து?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

இவற்றுக்குத் தனி எழுத்து கிடையாது. இன்ட்மேக்ஸ்_டீ-க்குக் காஸ்ட் செய்து %ஜேடி போடுங்கள். அந்த இயந்திரத்தில் இருக்கும் மிகப் பெரிய முழு எண் டைப் அது, எதைக் கொடுத்தாலும் கொள்ளும்.

டைம்_டீ-யை %எல்டி கொண்டு அச்சிட்டவர்களுக்கு இப்போது கணக்குத் தீர்க்கும் காலம். 32-பிட் நேரம் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும் என்பதால், 32-பிட் அமைப்புகளிலும் டைம்_டீ 64 பிட் ஆகி வருகிறது. ஜிலிப்சி 2.34 முதல் கம்பைல் செய்யும்போதே அதைக் கேட்டு வாங்கலாம். டெபியன் 13 லினக்ஸின் 32-பிட் ஆர்ம் பதிப்பு முழுவதும் அப்படி மாற்றப்பட்டது. அங்கே லாங் இன்னும் 32 பிட்தான். எனவே %எல்டி பாதியைத்தான் எடுக்கும். முதல் கேள்வியில் பார்த்த அதே நாடகம் மறுபடியும்.

கேள்வி: ஒரு பஃபரை ஹெக்ஸாக அச்சிடும் ஃபங்ஷன் எழுதினேன். "%02எக்ஸ்". கணினியில் சில பைட்டுகள் மட்டும் எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்9சி என்று நீண்டு வருகின்றன. ஆர்ம் போர்டில் 9சி என்று ஒழுங்காக வருகிறது. கணினியில்தானே ஒழுங்காக வர வேண்டும்?
— பொழுதுபோக்காக மின்னணுவியல் செய்பவர்

பஃபரைச் சார் என்று அறிவித்திருப்பீர்கள். சார் குறியுள்ளதா இல்லையா என்பதைத் தரநிலை இயந்திரத்திடம் விட்டுவிட்டது. இன்டெல் பக்கம் அது குறியுள்ளது. லினக்ஸ் ஓடும் ஆர்ம்-இலும் இயக்குதளம் இல்லாத ஆர்ம் போர்டிலும் பொதுவாகக் குறியற்றது.

பிரிண்ட்எஃப் மாதிரி, எத்தனை ஆர்கியூமென்ட் வேண்டுமானாலும் வாங்கும் ஃபங்ஷனுக்குப் போகும்போது சார், ஷார்ட் போன்ற சிறிய டைப்புகள் இன்ட்டாகப் பெருக்கப்படும், ஃப்ளோட் டபுளாகும். குறியுள்ள சாரில் 9சி என்பது எதிர்ம எண். அதை 32 பிட்டுக்கு நீட்டும்போது முன்னால் எல்லாம் எஃப் நிரம்புகிறது. 02 என்பது குறைந்தபட்ச அகலம்தான். அதிகபட்சம் அல்ல, அதனால் வெட்டவும் செய்யாது.

பஃபரை யுஇன்ட்8_டீ ஆக்குங்கள். முடியாவிட்டால் அச்சிடும் இடத்தில் அன்சைன்ட் சாராகக் காஸ்ட் செய்யுங்கள். %ஹெச்ஹெச்எக்ஸ் போட்டாலும் சரியாகும், ஆனால் சில சின்ன லைப்ரரிகளுக்கு ஹெச்ஹெச் தெரியாது. அதனால் நான் காஸ்ட் பக்கம்.

கேள்வி: நீங்கள் சொல்லும் முறைப்படியே பிஆர்ஐயு64 போட்டேன். வார்னிங் இல்லை. ஆனால் சீரியல் போர்ட்டில் எண்ணுக்குப் பதிலாக ‘எல்யு’ என்ற இரண்டு எழுத்து வருகிறது!
— மைக்ரோகன்ட்ரோலர் வாசகர்

உங்கள் லிங்கர் விருப்பங்களில் நானோ.ஸ்பெக்ஸ் இருக்கிறதா பாருங்கள். இருக்கும்.

நியூலிப்-இன் நானோ வடிவம் ஃபிளாஷ் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக பிரிண்ட்எஃப்-ஐச் சுருக்கியது. லாங் லாங், இசட், ஜே, டீ எல்லாம் அதில் வெட்டப்பட்டவை. %எல்எல்யு-வைப் பார்த்ததும் முதல் ‘எல்’லை விழுங்குகிறது, அடுத்த எழுத்து புரியாமல் அப்படியே துப்புகிறது, பின்னால் வரும் ‘யு’ சாதாரண எழுத்தாக அச்சாகிறது. அதோடு உங்கள் 64-பிட் ஆர்கியூமென்ட்டை அது எடுக்கவும் இல்லை. அதே வரியில் அடுத்து வரும் எண்களும் தப்பாகத்தான் வரும். %இசட்யு போட்டால் ‘இசட்யு’ என்றே வரும்.

மேக்ரோ இங்கே உங்களைக் காப்பாற்றாது. அது கம்பைலருக்கும் ஹெடருக்கும் உள்ள உடன்பாடு. ஓடும்போது லைப்ரரிக்கு அந்த எழுத்து தெரியுமா என்பது வேறு விஷயம், கம்பைலரால் அதைப் பார்க்க முடியாது. ஏவிஆர்-லிப்சி-யிலும் லாங் லாங் கிடையாது.

வழிகள்: ஃபிளாஷில் இடம் இருந்தால் நானோவை விட்டு முழு நியூலிப்புக்குப் போங்கள். இல்லையென்றால் ஹெக்ஸ் போதுமா என்று யோசியுங்கள். லாக்கில் பார்க்க மட்டும் என்றால் எனக்கு அது போதும்: மேல் 32 பிட், கீழ் 32 பிட் என்று பிரித்து "%08" பிஆர்ஐஎக்ஸ்32 இரண்டு முறை. டெசிமல்தான் வேண்டும் என்றால் பத்தால் வகுத்து இலக்கம் இலக்கமாக நிரப்பும் குட்டி ஃபங்ஷன் எழுதிவிடுங்கள். மிகப் பெரிய 64-பிட் எண் 18,446,744,073,709,551,615, அதாவது 20 இலக்கம். முடிவில் வரும் பூஜ்ய பைட்டோடு 21 பைட் பஃபர் போதும். நூறு கோடியால் வகுத்து இரண்டே துண்டாக அச்சிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். மேல் துண்டு 18,446,744,073 வரை போகும், அது 32 பிட்டில் அடங்காது. மூன்று துண்டு வேண்டும். அதற்கு இலக்கம் இலக்கமாகவே போய்விடலாம்.

கேள்வி: ஸ்கேன்எஃப்-க்கும் இதே மேக்ரோக்கள் போதுமா?
— கல்லூரி மாணவர்

போதாது. அதற்கு எஸ்சிஎன் என்று தொடங்கும் தனிக் குடும்பம் இருக்கிறது. பிரிண்ட்எஃப்-இல் யுஇன்ட்8_டீ-யை %யு கொண்டு அச்சிட்டாலும் பிழைத்துக்கொள்வீர்கள், போகும் வழியிலேயே இன்ட்டாகப் பெருகிவிடும். ஸ்கேன்எஃப்-க்குப் போவது முகவரி. ஒரு பைட் மாறியின் முகவரியைக் கொடுத்து %யு என்றால் நான்கு பைட் எழுதும். பக்கத்தில் இருக்கும் மூன்று பைட் நாசம். அங்கே எஸ்சிஎன்யு8 வேண்டும். வெளியிலிருந்து வரும் எண்ணுக்கு நான் ஸ்கேன்எஃப்-ஐயே தொடுவதில்லை, ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் எஸ்டீஆர்டீஓயுஎல் கொண்டு படித்து எல்லையைச் சரிபார்க்கிறேன்.

கேள்வி: லினக்ஸ் கர்னல் மாட்யூல் எழுதப் பழகுகிறேன். இன்ட்டைப்ஸ்.ஹெச் கிடைக்கவில்லை. பாயின்டரை அச்சிட %பி போட்டால் வரும் முகவரியும் பொய்யாகத் தெரிகிறது. கர்னலுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?
— டிரைவர் எழுதப் பழகும் வாசகர்

கர்னல் பயனர் லைப்ரரியைப் பயன்படுத்துவதில்லை. அங்கே அச்சிடும் பிரிண்ட்கே அதன் சொந்தச் சரக்கு. பிஆர்ஐ சிக்கலை அவர்கள் வேறு வழியில் வெட்டினார்கள்: யு64 என்றால் எல்லா இயந்திரத்திலும் அன்சைன்ட் லாங் லாங் என்று வைத்துவிட்டார்கள். ஆகவே கர்னலுக்குள் யு64-க்கு எப்போதும் %எல்எல்யு. யு32-க்கு %யு, சைஸ்_டீ-க்கு %இசட்யு. மேக்ரோ தேவையே இல்லை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஹெடர் முழுதும் உங்கள் கையில் இருக்கும்போது டைப்பை ஒழுங்குபடுத்துவதே சரி. சாதாரண நிரலில் நமக்கு அந்த அதிகாரம் இல்லை.

முகவரி பொய்தான், வேண்டுமென்றே சொல்லும் பொய். 4.15 பதிப்பிலிருந்து %பி உண்மையான முகவரியைக் காட்டாமல் ஹாஷ் செய்து மறைத்த மதிப்பைக் காட்டுகிறது. கர்னல் முகவரி லாக்கில் கசிந்தால் தாக்குகிறவருக்கு வரைபடம் கொடுத்த மாதிரி. உண்மையான முகவரி வேண்டுமானால் %பிஎக்ஸ். சோதனை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், பரிசீலனையில் கேள்வி வரும். இயற்பியல் முகவரிக்கு, அதாவது ஃபிஸ்_ஆட்ர்_டீ-க்கு, %பிஏ இருக்கிறது. அதன் அளவு கர்னல் அமைப்பைப் பொறுத்து மாறும் என்பதால் மதிப்பைக் கொடுக்கக்கூடாது, மாறியின் முகவரியைக் கொடுக்க வேண்டும். முதல் முறை எல்லாரும் இங்கே தடுக்கி விழுவார்கள்.

கர்னலுக்கு வெளியே %பி-க்கு வாய்டு பாயின்டராகக் காஸ்ட் செய்து கொடுங்கள். அதன் வடிவம் லைப்ரரிக்கு லைப்ரரி வேறுபடும்: ஜிலிப்சி முன்னால் 0எக்ஸ் போடும், மைக்ரோசாஃப்ட் லைப்ரரி போடாது. வடிவம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றால் யுஇன்ட்பிடீஆர்_டீ-க்கு மாற்றி பிஆர்ஐஎக்ஸ்பிடீஆர்.

கேள்வி: சி23 தரநிலையில் இதற்கு முடிவு வந்துவிட்டது என்கிறார்களே?
— தொழில்முறை வாசகர்

வந்திருக்கிறது: %டபிள்யு64யு என்று நேராக எழுதலாம், மேற்கோளை உடைக்க வேண்டாம். ஜிலிப்சி 2.38 முதல் உண்டு. ஆனால் உங்கள் நிரல் ஓட வேண்டிய கடைசி லைப்ரரிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நானோவுக்கு லாங் லாங்கே தெரியாது, டபிள்யு எங்கே தெரியப் போகிறது? லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்கள் பயன்படுத்தலாம். நான் இன்னும் மாறவில்லை.

கேள்வி: வழக்கமான வார்னிங்குகளை இயக்கும் -டபிள்யுஆல் போட்டு கம்பைல் செய்கிறேன், ஒரு வார்னிங்கும் இல்லை. அப்போது என் ஃபார்மேட் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?
— தன் நிரலை வெளியிடப் போகும் வாசகர்

அந்த ஓர் இயந்திரத்துக்குச் சரி. அதுவும் நிபந்தனையோடு.

64-பிட் லினக்ஸில் யுஇன்ட்64_டீ என்பது அன்சைன்ட் லாங். %எல்யு என்று எழுதியிருந்தால் கம்பைலருக்கு முழு திருப்தி. மேக்கில் அதே டைப் அன்சைன்ட் லாங் லாங். அங்கே போனதும் வார்னிங். எனவே குறைந்தது இரண்டு விதமாக கம்பைல் செய்யுங்கள். இன்டெல் லினக்ஸில் -எம்32 என்று ஒரு விருப்பம் சேர்த்தாலே 32-பிட் பார்வை கிடைத்துவிடும். ஓட்டக்கூட வேண்டாம், கம்பைல் ஆகிறதா என்று பார்த்தால் போதும். -டபிள்யுஎரர்=ஃபார்மேட் சேர்த்தால் வார்னிங் பிழையாக மாறும், யாரும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

அடுத்தது, உங்கள் சொந்த லாக் ஃபங்ஷன். கம்பைலருக்கு பிரிண்ட்எஃப் குடும்பம் மட்டும்தான் பெயரால் தெரியும். நீங்கள் ‘லாக்_எழுது’ என்று ஒன்று வைத்து உள்ளே விபிரிண்ட்எஃப்-ஐக் கூப்பிட்டால், அதற்கு வரும் ஃபார்மேட்டைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. பெரும்பாலான ஃபர்ம்வேரில் எல்லா அச்சும் இப்படி ஒரு ஃபங்ஷன் வழியாகத்தான் போகிறது. அதன் அறிவிப்பில் ஜிசிசி-யின் ஃபார்மேட் ஆட்ரிப்யூட்டைச் சேர்த்து, எத்தனையாவது ஆர்கியூமென்ட் ஃபார்மேட், எங்கிருந்து மதிப்புகள் தொடங்குகின்றன என்று இரண்டு எண் கொடுங்கள். கிளாங் கம்பைலருக்கும் அது புரியும். சேர்த்த அன்றைக்கே கொஞ்சம் வார்னிங் கொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. டீபக் லாக்கை அணைக்கும்போது பலர் மேக்ரோவை வெறுமையாக விரிய விடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த வரிகளைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை, டைப் மாறிக்கொண்டே போகும், ஃபார்மேட் பழசாகவே கிடக்கும். என்றைக்கோ அவசரத்துக்கு டீபக்கை இயக்கும்போது, தேடப் போன பக்கை விட்டுவிட்டு லாக் வரியே கருவியைக் கவிழ்க்கும். வெறுமைக்குப் பதிலாக ‘இஃப் (0)’ போட்டு உள்ளே பிரிண்ட்எஃப்-ஐ விடுங்கள். கம்பைலர் டைப்பைச் சரிபார்க்கும். ஆப்டிமைசர் நிரலைத் தூக்கிவிடும். ஃபிளாஷில் ஒரு பைட்டும் அதிகமாகாது.